'சரி' பொத்தானை நீக்கினேன்: ஒரு மாத்திரை நினைவூட்டிச் செயலியைத் திருத்திய பதிவு

மாத்திரை அட்டையில் பதினொன்று மீதம் இருந்தது. நான் எழுதிய செயலியின் பதிவுப்படி ஒன்றுகூட மீந்திருக்கக் கூடாது. முப்பது நாளும் பச்சைக் குறி, முப்பது நாளும் 'எடுத்துக்கொண்டார்' என்ற குறிப்பு.

பெரியப்பாவுக்கு 76 வயது. இரத்த அழுத்தத்துக்குக் காலையில் ஒன்று, கொழுப்புக்கு இரவில் ஒன்று என இரண்டே மாத்திரைதான். மறந்துவிடுகிறார் என்று பெரியம்மா சொன்னதால் ஆண்ட்ராய்டில் ஒரு நினைவூட்டிச் செயலியை எழுதி அவர் கைபேசியில் போட்டுக் கொடுத்தேன். எழுத்தைப் பெரிதாக வைத்தேன், பொத்தான்களைக் குறைத்தேன், வயதானவர்களுக்கு ஏற்றபடி செய்துவிட்டதாக நம்பினேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பதிவு முழுக்கப் பச்சை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அட்டையை எண்ணிப் பார்த்தது தற்செயல்.

மறந்துபோவதைவிட இது மோசம். மறந்தால், மறந்தது தெரிந்துவிடும். இங்கே போடாத மாத்திரையைப் போட்டதாக என் செயலி எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பதிவைத்தான் மருத்துவரிடம் காட்டுவதாக இருந்தோம். இவ்வளவு ஒழுங்காகப் போட்டும் அழுத்தம் குறையவில்லையே என்று அவர் மருந்தின் அளவைக் கூட்டியிருந்தால்? அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்த இரண்டு மாத வேலை அதிலிருந்துதான் தொடங்கியது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரே உரைகல் வைத்துக்கொண்டேன்: பதிவில் இருப்பது நடந்ததுதானா?

முதலில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சொல்லிக் கொடுப்பதில்லை, கையை நீட்டி நானே தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். ஆண்ட்ராய்டின் டெவலப்பர் அமைப்புகளில், விரல் படும் இடத்தைப் புள்ளியாகவும் அது நகரும் வழியைக் கோடாகவும் திரையிலேயே காட்டும் வசதி இருக்கிறது. அதை இயக்கி, திரையையும் பதிவு செய்தேன். இந்த வேலையில் இறங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். வேறெந்தக் கருவியும் எனக்கு இவ்வளவு கற்றுக்கொடுக்கவில்லை.

மணி எட்டானது. ஒலி எழுந்தது. அறிவிப்பில் மாத்திரையின் பெயர், அதன் கீழே 'சரி' என்ற ஒரே பொத்தான். அதைத் தொட்டார், ஒலி நின்றது. கைபேசியை மேசையில் வைத்துவிட்டு நாளிதழை எடுத்துக்கொண்டார்.

"மாத்திரை போட்டுட்டீங்களா பெரியப்பா?"

"இதோ, இந்தப் பக்கத்தை முடிச்சிட்டுப் போடுறேன்."

"அப்புறம் ஏன் 'சரி'ய அமுக்கினீங்க?"

"அது ஞாபகப்படுத்துச்சு. நான் சரின்னேன்."

அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. யாராவது ஒன்றை நினைவூட்டினால் நாம் சொல்லும் பதில் 'சரி'தான். கேட்டுக்கொண்டேன் என்று அதற்குப் பொருள். செய்து முடித்தேன் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நான் மட்டும் நிரலில் அப்படி எடுத்துக்கொண்டேன். ஒலியை நிறுத்தவும் அதே பொத்தான், மாத்திரை போட்டதைப் பதியவும் அதே பொத்தான். இரைச்சலை நிறுத்தத்தானே எவருடைய கையும் முதலில் போகும்?

அன்றே 'சரி'யை எடுத்துவிட்டேன். இப்போது இரண்டு பொத்தான்கள்: 'சத்தத்தை நிறுத்து', 'மாத்திரை போட்டாச்சு'. முதலாவதைத் தொட்டால் ஒலி மட்டும் நிற்கும், பதிவில் எதுவும் ஏறாது, பத்து நிமிடம் கழித்து மறுபடி நினைவூட்டும். அறிவிப்பை விரலால் தள்ளிவிட்டாலும் அப்படித்தான். 'எடுத்துக்கொண்டேன்' என்று வைக்காமல் 'போட்டாச்சு' என்று வைத்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வீட்டில் பெரியம்மா கேட்பதும் அவர் சொல்வதும் அந்தச் சொல்லில்தான். தவிர, எழுத்தைப் பெரிதாக்கினால் 'எடுத்துக்கொண்டேன்' பொத்தானின் அகலத்துக்குள் அடங்காமல் நடுவில் உடைந்து இரண்டாம் வரிக்குப் போகிறது.

சொற்களைத் தேட ஆரம்பித்ததும் இன்னொரு இடம் கண்ணில் பட்டது. ஒரு நினைவூட்டலை நீக்கப் போனால் வரும் கேள்வி: 'நினைவூட்டலை ரத்துசெய்யவா?' கீழே இரு பொத்தான்கள்: 'ரத்துசெய்', 'சரி'. இதில் எதைத் தொட்டால் நினைவூட்டல் நீங்கும்? எழுதிய எனக்கே ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது. 'ஆமாம், நீக்கு', 'வேண்டாம், இருக்கட்டும்' என்று மாற்றினேன். பொத்தானை மட்டும் படித்தாலே, மேலே உள்ள கேள்வியைப் படிக்காமலே, என்ன நடக்கும் என்று தெரிய வேண்டும். மூக்குக் கண்ணாடியைத் தேடும் நேரத்தில் வயதானவர்கள் படிப்பது பொத்தானைத்தான்.

விரல்

திரைப் பதிவை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் உண்மையான சிக்கல் புரிந்தது. இளைஞர் ஒருவர் தொட்டால் திரையில் ஒரு புள்ளி தோன்றி மறையும். பெரியப்பா தொட்டால் புள்ளி தோன்றி, நின்று, சற்றே கீழே வழுக்கி, சிறு கோடாக முடிகிறது. அந்தச் சிறு கோடுதான் எல்லாவற்றையும் குலைத்தது.

பட்டியலை மேலும் கீழும் உருட்டக்கூடிய திரையில் விரல் 8 டிபிக்கு மேல் நகர்ந்தால், தொடவில்லை, உருட்டுகிறார் என்று ஆண்ட்ராய்டு எடுத்துக்கொள்ளும். டிபி என்பது எந்தத் திரையிலும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும் ஆண்ட்ராய்டு அலகு; 8 டிபி சுமார் 1.3 மில்லிமீட்டர். லேசாக நடுங்கும் கைக்கு இது ஒன்றுமே இல்லை. அவர் பொத்தானைத் தொடுகிறார், விரல் ஒன்றரை மில்லிமீட்டர் நகர்கிறது, பட்டியல் சற்று ஆடி நிற்கிறது. பொத்தான் வேலை செய்யவில்லை. மறுபடி அழுத்துகிறார், இம்முறை இன்னும் பலமாகவும் நேரம் எடுத்தும். ஏறக்குறைய அரை நொடி விரல் நின்றால் அது நீண்ட அழுத்தம். என் செயலியில் நீண்ட அழுத்தத்துக்கு 'திருத்து, நீக்கு' பட்டியல் திறக்கும். 'நீக்கு' என்ற சிவப்பு எழுத்தைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டார்.

"எதையோ கெடுத்துட்டேன்போல இருக்கு, பாரு" என்று கைபேசியை என்னிடம் நீட்டினார்.

அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. வீட்டு மின்விசிறியைக் கழற்றித் தானே பழுது பார்க்கிற மனிதர் அவர். ஒரு பொத்தானைத் தொட்டதற்கு அவரைப் பயப்பட வைத்திருக்கிறது நான் எழுதியது.

முதன்மைத் திரையில் உருட்டலையே எடுத்துவிட்டேன். அடுத்து வரும் ஒரே ஒரு வேளை மட்டும் திரை நிறைய இருக்கும். உருட்டும் பரப்புக்குள் இல்லாத பொத்தானில் விரல் உள்ளுக்குள்ளேயே நகர்ந்து எழுந்தாலும் அது தொடுதலாகவே கணக்காகும். இந்த ஒரு மாற்றத்திலேயே தவறிய தொடுதல்கள் பெரும்பாலும் நின்றுவிட்டன. நீண்ட அழுத்தத்தை எங்குமே வைக்கவில்லை. திருத்துவதும் நீக்குவதும் தனித்திரைக்குப் போயின.

பொத்தானின் அளவு பற்றிச் சில எண்கள். இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜியின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. அது இரண்டாம் நிலைக்குக் கேட்கும் குறைந்தபட்ச அளவு 24 பிக்சல், உயர்நிலைக்கு 44. ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்வது 48 டிபி, கணக்குப்படி ஏறத்தாழ 7.6 மில்லிமீட்டர். ஆப்பிள் சொல்வது 44 புள்ளி (அது அவர்களின் திரை அலகு). நான் முதலில் 48 வைத்திருந்தேன். இப்போது உயரம் 72 டிபி, அதாவது 11 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இரு பொத்தான்களுக்கு நடுவே 16 டிபி வெற்றிடம். வழிகாட்டியில் உள்ளது தொடக்க அளவு என்று கொள்வதே நல்லது. பொத்தானின் அளவைப்போலவே இடைவெளியும் முக்கியம். 'சத்தத்தை நிறுத்து' தொடப் போய் 'போட்டாச்சு'வில் பட்டுவிட்டால், விட்ட இடத்துக்கே திரும்பிவிடுவோம்.

இன்னொன்று, உலர்ந்த தோல். வயதாக ஆக விரல் நுனியில் ஈரப்பசை குறைகிறது. திரையோ விரலின் மின்தேக்கத்தை உணர்ந்து வேலை செய்வது. சில தொடுதல்களைத் திரை கண்டுகொள்வதே இல்லை. இதை நிரலால் சரிசெய்ய வழியில்லை. ஆனால் தொடுதல் பதிவானதா இல்லையா என்று உடனே சொல்லலாம். விரல் பட்ட கணத்தில் பொத்தானின் நிறம் மாறும், கைபேசி சிறிதாக அதிரும். அதிர்வு வந்தால் பட்டது, வரவில்லையென்றால் படவில்லை என்று இரண்டு நாளில் அவரே கண்டுபிடித்துக்கொண்டார். சந்தேகத்தில் இரண்டு முறை தட்டுவதும் குறைந்தது. அதையும் மீறி முக்கால் நொடிக்குள் வரும் இரண்டாவது தட்டலைச் செயலி பொருட்படுத்தாது.

பக்கத்து அறைக்குக் கேட்ட ஒலி

ஒரு நாள் காலை எட்டு மணிக்குப் பெரியம்மா உள்ளிருந்து, "என்னங்க, கூவுது பாருங்க" என்றார். கைபேசி பெரியப்பாவின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவருக்குக் கேட்கவில்லை.

ஒலி அளவு முழுதாகத்தான் இருந்தது. ஒலியின் வகையில்தான் பிழை. நான் தேர்ந்தெடுத்தது பறவைக் குரல் போன்ற கீச்சொலி. வயதோடு வரும் செவிக்குறைவில் முதலில் மங்குவது உயர் அதிர்வெண்கள். பேச்சு கேட்கும், கீச்சொலி கேட்காது. தூங்குபவர்களை எழுப்பும் தீ எச்சரிக்கைக் கருவிகளில் இதே சிக்கல் முன்பே தெரிந்து, வழக்கமான 3,000 ஹெர்ட்ஸ் அளவிலான கூர் ஒலிக்குப் பதில் 520 ஹெர்ட்ஸ் சதுர அலை ஒலி நன்றாக எழுப்புகிறது என்று கண்டிருக்கிறார்கள். அமெரிக்கத் தீயெச்சரிக்கை விதிகள் படுக்கையறைகள் பலவற்றுக்கு அதைக் கேட்கின்றன. அதையே பின்பற்றினேன். 520 ஹெர்ட்ஸை அடிப்படையாக வைத்து, விட்டு விட்டு மூன்று முறை ஒலிக்கும் ஒரு தொனி. இசையாக இல்லை, அழகாகவும் இல்லை. முதல் முறையே தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

இதோடு அதை, அலாரத்துக்கெனத் தனி ஒலியளவு உள்ள வரிசைக்கு மாற்றினேன். அறிவிப்பு ஒலிகள் எரிச்சலூட்டுகின்றன என்று அவர் அவற்றைக் குறைத்துவிடுவார். அது நியாயமான செயல், அதற்கு அவரைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் மாத்திரை நேரம் அதோடு சேர்ந்து அமுங்கக் கூடாது. அலார ஒலி பூஜ்யத்தில் இருந்தால் முதன்மைத் திரை அதைச் சொல்லும், பக்கத்திலேயே கூட்டுவதற்கும் ஒரு பொத்தான் இருக்கும்.

மறைந்துபோகும் செய்திகள்

'பதிவு செய்யப்பட்டது' என்று கீழே ஒரு சிறு பட்டை தோன்றி மறையும் அல்லவா? ஆண்ட்ராய்டில் அதன் குறுகிய வடிவம் 2 நொடி, நீண்டது 3.5 நொடி. பெரியப்பா தொட்ட பிறகு முதலில் பார்ப்பது விரலை, அப்புறம் பொத்தானை, அப்புறம்தான் திரையின் மற்ற பகுதியை. அதற்குள் பட்டை போய்விடும். 'ஏதோ வந்துச்சு, போயிடுச்சு' என்பார். என்ன வந்தது என்ற கவலை மட்டும் மிஞ்சும்.

எனவே தானாக மறையும் எதுவும் இப்போது கிடையாது. 'போட்டாச்சு' தொட்டதும் திரை முழுதும் மாறி 'காலை மாத்திரை 8:10க்குப் போட்டாச்சு' என்று நின்றுவிடும். அடுத்த வேளை வரும்வரை அப்படியே இருக்கும். அதன் கீழே 'இல்லை, இன்னும் போடவில்லை' என்ற பொத்தான் அன்று நள்ளிரவுவரை உண்டு. தவறாகத் தொட்டால் அவசரமே இல்லாமல் மாற்றிக்கொள்ளலாம். (நேர எல்லை வைத்தே ஆக வேண்டிய செயலிகளுக்கு ஒரு குறிப்பு: பயனர் தனக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று அணுகல்தன்மை அமைப்புகளில் சொல்லிவைக்கும் வசதி ஆண்ட்ராய்டு 10 முதல் இருக்கிறது. அதைக் கேட்டுப் பின்பற்றுங்கள்.)

நான் எதிர்பாராத ஒரு பயன் இதில் கிடைத்தது. முன்பெல்லாம் நடுப்பகலில், "காலைல போட்டேனா?" என்று பெரியம்மாவைக் கேட்பார். அவருக்கும் நினைவிருக்காது. இப்போது செயலியைத் திறந்து பார்க்கிறார். நினைவூட்டுவதற்காகச் செய்ததை, நடந்ததைச் சரிபார்க்கத்தான் அவர் அதிகம் திறக்கிறார். செயலியின் மையம் அந்தத் திரைதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

போட்டோமா என்று நிச்சயமில்லாத வேளைகளும் உண்டு. அதற்காக 'நினைவில்லை' என்று மூன்றாவது ஒரு பதிலைச் சேர்த்தேன். அதைத் தொட்டால், மறுபடி போடச் சொல்லாது. எந்த மருந்தைத் தாமதமாகப் போடலாம், எதைப் போடக் கூடாது என்பது மருந்துக்கு மருந்து மாறும். அதைச் செயலி முடிவு செய்யக் கூடாது. 'சந்தேகத்தில் இரண்டாவது முறை போட வேண்டாம். மருத்துவரையோ மருந்தாளரையோ கேளுங்கள்' என்று மட்டும் சொல்லி, பதிவில் 'தெரியவில்லை' என்று சாம்பல் நிறத்தில் குறிக்கும். முழுப் பச்சையைவிட எனக்கு இந்தச் சாம்பல் நிறத்தின் மேல் அதிக நம்பிக்கை.

எழுத்தும் நிறமும்

எழுத்தளவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பயனரின் எழுத்தளவு அமைப்போடு சேர்ந்து மாறும் எஸ்பி அலகில் எழுதுங்கள், பயனர் கைபேசியில் வைத்த அளவை மதியுங்கள். ஆண்ட்ராய்டு 14 எழுத்தை 200 விழுக்காடுவரை பெரிதாக்கவிடுகிறது. அந்த அளவில் வைத்துப் பார்க்காமல் வெளியிடாதீர்கள். என் செயலி அதில் உடைந்தது. பெட்டிகளின் உயரத்தை மாறாத எண்ணாக வைத்திருந்ததால் 'கூ', 'மூ' போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதியும் 'கி', 'தீ' போன்றவற்றின் மேல்கொம்பும் வெட்டுப்பட்டன. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இது தெரியவே தெரியாது. உயரத்தை உள்ளடக்கத்துக்கு விட்டுவிட்டு, வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டினேன்.

நிறத்தில் என் பிழை பெரியது. நேரத்தை மெல்லிய சாம்பலில் காட்டியிருந்தேன், நிற எண் #999999. வெள்ளைப் பின்னணியில் அதன் வெளிச்ச வேறுபாட்டு விகிதம் 2.85:1 தான். சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும். #767676 அந்த எல்லையைத் தொட்டும் தொடாமலும் தாண்டும், #595959 உயர்நிலையான 7:1ஐ எட்டும். நான் நேராகக் கறுப்புக்கே போய்விட்டேன். வயதில் கண்மணி சுருங்கி விழித்திரைக்குப் போகும் ஒளியே குறைந்துவிடுகிறது, கண்வில்லையும் மஞ்சளாகிறது. இதில் சாம்பலின் அழகுக்கு இடமில்லை.

வில்லை மஞ்சளாவதால் நீல நிறங்களும் மங்கும். காலை வேளைக்கு இளம்பச்சை, இரவுக்கு இளநீலம் என்று வைத்திருந்தேன். இரண்டும் ஒன்றுபோல இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகு, நிறத்தோடு சூரியன், பிறை படங்களும் 'காலை', 'இரவு' என்ற சொற்களும் வந்தன. படம் மட்டும் போதும் என்று விட்டிருந்தால் அதுவும் தவறாகியிருக்கும். அமைப்புகளைக் குறிக்கும் பற்சக்கரத்தை அவர் 'பூ' என்றார்.

ஒலிக்காத நாள்கள்

இவ்வளவுக்குப் பிறகும் சில நாள் நினைவூட்டலே வரவில்லை. இது வடிவமைப்பா நிரலாக்கமா என்று பிரித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. ஒருவர் நம்பியிருக்கும் ஒலி ஒலிக்காவிட்டால் மற்ற எல்லா நயமும் வீண்.

காரணங்கள் மூன்று. கைபேசி நெடுநேரம் அசையாமல் கிடந்தால் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போய்ச் சாதாரண நினைவூட்டல்களைத் தள்ளிப்போடும். இது ஆண்ட்ராய்டு 6 முதல் உள்ளது. இதைத் தாண்ட, அலாரக் கடிகாரத்துக்கென்றே உள்ள 'செட்அலாரம்கிளாக்' வழியைப் பயன்படுத்தினேன். அடுத்து, கைபேசியை அணைத்து இயக்கினால் பதிந்த அலாரங்கள் எல்லாம் அழிந்துவிடும். இயங்கத் தொடங்கியதும் செயலியே அவற்றைத் திரும்பப் பதிய வேண்டும். இரவில் கைபேசியை அணைத்து வைக்கும் பழக்கம் உள்ளவர் அவர். எனக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் சோதித்துப் பார்க்கவே தோன்றவில்லை. மூன்றாவது, நினைவகத்தைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ஒரு பொத்தான். அவர் கைபேசியில் அது செயலியை முழுதாக நிறுத்திவிடுகிறது. அப்படி நிறுத்தப்பட்ட செயலி, யாராவது திறக்கும்வரை எழாது. இதற்கு நிரலில் மாற்று கிடைக்கவில்லை. அந்தப் பொத்தானை முகப்புத் திரையிலிருந்து அவர் சம்மதத்தோடு எடுத்துவிட்டோம்.

அனுமதிகளும் உண்டு. அறிவிப்புக்கு ஆண்ட்ராய்டு 13 முதல் பயனரைக் கேட்டாக வேண்டும், துல்லியமான அலாரத்துக்குத் தனி அனுமதி ஆண்ட்ராய்டு 12 முதல். திறந்ததும் இவை வரிசையாக வந்து நின்றால் எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' என்பதே இயல்பு, பாதுகாப்பானதும்கூட. முதல் மாத்திரையின் நேரத்தைக் குறித்த பிறகு, 'இந்த நேரத்தில் ஒலி எழுப்ப அனுமதி வேண்டும்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கேட்டால் யோசித்துப் பதில் சொல்கிறார்கள்.

எடுத்துவிட்டவை

கணக்கும் கடவுச்சொல்லும் முதலில் போயின. ஆறு இலக்க எண்ணைக் குறுஞ்செய்தியில் பார்த்து, நினைவில் வைத்து, செயலிக்குத் திரும்பி, நேரம் தீர்வதற்குள் தட்டுவது ஒரு மாத்திரைக்குத் தேவையில்லாத பரீட்சை. தரவு கைபேசியிலேயே இருக்கிறது.

'முதியோர் பயன்முறை' என்று ஒன்றை வைத்திருந்தேன். பெரியம்மாவின் தோழி ஒருவர், 69 வயது, சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டவர், அதைத் தொடவே மறுத்தார். "எனக்குக் கண்ணாடிதான் மாத்தணும், நான் முதியோர் இல்ல" என்றார். அந்தப் பெயரை எடுத்தேன். பிறகு, அதில் இருந்த எல்லாமே எல்லோருக்கும் நல்லது என்பதால் அதையே இயல்பு நிலையாக்கினேன். இப்போது பயன்முறையே இல்லை.

குரலால் பதிவு செய்யும் வசதி சரிப்படவில்லை. தொலைக்காட்சி ஓடும் அறையில் அது எதையோ கேட்டு எதையோ எழுதியது. உரைகல்லில் தேறாததால் விட்டேன். அதற்குப் பதிலாக வந்த புகைப்படம் நன்றாக உதவியது. மாத்திரையின் பெயருக்கு மேல் அவர்களே எடுத்த அட்டையின் படம் இருக்கும். மருந்தின் பெயரைப் படித்து ஒப்பிடுவதைவிட அட்டையையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எளிது. அட்டை மாறினால் படத்தையும் மாற்ற வேண்டும். அதை மறக்காமல் இருக்கப் புது அட்டை பிரிக்கும் நாளில் செயலி கேட்கும்.

திருத்திய செயலியில் முதல் மாதம் முடிந்ததும் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து காலை மாத்திரையின் பதிவைப் பார்த்தோம். முப்பதில் பச்சை இருபத்தைந்து, வெற்றிடம் மூன்று, 'தெரியவில்லை' இரண்டு. அவரே அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாக விரலால் தடவி எண்ணினார். மீதம் நான்கு.

"ஒண்ணு போட்டிருக்கேன், ஒண்ணு போடல" என்றார், இரண்டு சாம்பல் கட்டங்களைக் காட்டி.